ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகும் காலையில் சர்க்கரை ஏறுவது எப்படி?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 44, எடை 72 கிலோ. மது தொட்டதில்லை. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் உண்டு. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு) என்று வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 118, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) 240, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34. ராத்திரி ஏழரைக்கே சாப்பிட்டுவிடுகிறேன். அப்புறம் காலையில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? கல்லீரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: காலையில் நீங்கள் பார்க்கும் சர்க்கரையில் பெரும்பகுதி, தூங்கும்போது உங்கள் கல்லீரலே ரத்தத்தில் விட்டது. அது அதன் வேலைதான். மூளைக்கு ராத்திரி முழுக்க குளுக்கோஸ் வேண்டும். எவ்வளவு விடலாம் என்று கட்டுப்படுத்துவது இன்சுலின். கல்லீரல் செல்களுக்குள் கொழுப்பு சேர்ந்துவிட்டால் இன்சுலினின் பேச்சு அங்கே எடுபடாது. சாப்பிடாத நேரத்திலும் தேவைக்கு மேல் குளுக்கோஸ் வந்துகொண்டே இருக்கும்.

ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். சிக்கலே இங்கேதான். குளுக்கோஸை நிறுத்துவதில் இன்சுலினுக்கு மசியாத அதே கல்லீரல், கொழுப்பு தயாரிப்பதில் மட்டும் அதற்கு நன்றாகவே கட்டுப்படுகிறது. அதனால் சாப்பிடும் மாவுச்சத்தும் இனிப்பும் கூடுதலாகக் கொழுப்பாக மாறி ரத்தத்துக்கு வருகின்றன. உங்கள் 240 அதுதான். ட்ரைகிளிசரைடு ஏறினால் எச்டிஎல் துகள்கள் சீக்கிரம் அழியும், அதனால் 34. மிச்சக் கொழுப்பு தசையிலும் கணையத்திலும் போய்த் தங்கும். தசையில் தங்கினால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையும் ஏறத் தொடங்கும்.

ஒல்லியாக இருக்கிறோமே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தோலுக்கடியில் பத்திரமாகச் சேரவேண்டிய கொழுப்பு, நம் நாட்டவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் சேர்ந்துவிடுகிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கரைவது போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அளந்து பாருங்கள்.

எடை குறையத் தொடங்கினால் முதலில் கரைவது பெரும்பாலும் கல்லீரல் கொழுப்புதான். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு குறைந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இயல்புக்கு வந்தது. அவ்வளவு கடுமையான பட்டினியை வீட்டில் முயலாதீர்கள். எடையில் 5 சதவீதம், உங்களுக்குச் சுமார் மூன்றரை கிலோ, குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும்.

எங்கே கை வைப்பது? டீயில் போடும் சர்க்கரை, பாட்டில் குளிர்பானம், மாம்பழ ஜூஸ் மூன்றையும் முதலில் நிறுத்துங்கள். நாம் போடும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற இனிப்புச் சத்து, அதில் பெரும்பங்கைக் கையாள்வது கல்லீரல்தான். நம்மூர் ஜவ்வரிசியும் மரவள்ளியும் கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. ஜவ்வரிசி உப்புமா சாப்பிடும் நாளில் கூடவே சோறும் வேண்டாம். சாயங்காலம் தட்டுவடை செட் தினசரிப் பழக்கமென்றால் வாரம் ஒருமுறை ஆக்குங்கள். ஏற்காட்டுக் காபியை விட வேண்டியதில்லை. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு (நாள்பட்ட பாதிப்பால் கல்லீரல் இறுகுவது) குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரை மட்டும் போடாதீர்கள்.

நாள் முழுக்க பட்டறையில் உட்கார்ந்தே வேலை என்பதால், சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலின் துணை இல்லாமலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

118 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி இயல்பாக இருந்தாலும் கல்லீரல் நலம் என்று முடிவு கட்டாதீர்கள். வயது, பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்), எஸ்ஜிஓடி (இன்னொரு நொதி), எஸ்ஜிபிடி நான்கையும் வைத்து ஃபிப்-4 கணக்குப் போட்டுத் தழும்பு உண்டா என்று பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால், சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.