பொண்ணு ஜாக்கி ஆகணும்னு சொல்றா, சம்மதிக்கலாமா?

உங்க மெசேஜை முழுசா படிச்சேன் அக்கா. பொண்ணுக்கு 16 வயசு, ஜிசிஎஸ்ஈ (இங்கிலாந்துல நம்ம பத்தாவது பரீட்சை மாதிரி) எழுதி முடிச்சுட்டா, மார்க் நல்லாவே வரும்னு டீச்சர் சொல்றாங்க, ஆனா ஏ லெவல் (ப்ளஸ் டூ மாதிரி) வேணாம், குதிரை ரேஸுக்குப் பேர் போன நியூமார்க்கெட் போய் ரேஸ் குதிரை ஓட்டக் கத்துக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவங்க அப்பா அவகிட்ட பேசுறதையே நிறுத்திட்டாரு, ஊர்ல இருந்து மாமியார் வேற போன்ல "ரேஸா, குடும்பம் விளங்கிடும்"னு அழுறாங்க. இது ஒரு வேலையா, எத்தனை வருஷம் ஓட்ட முடியும், உடம்புக்கு ஒண்ணு ஆனா என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. "லெஸ்டர் பிகாட் 59 வயசு வரைக்கும் ஓட்டினாரும்மா"ன்னு அவ வீடியோ காட்டுறான்னும் எழுதியிருக்கீங்க.

அவ சொல்றது நிஜம்தான். அதனால இங்கிலாந்தோட பேர் போன ஜாக்கியான அந்த பிகாட் கதையிலேருந்தே வர்றேன். அவ அதுல ஜெயிச்ச பக்கத்தை மட்டும் படிக்கிறா, நீங்க கீழ விழுற பக்கத்தை மட்டும் நினைச்சு பயப்படுறீங்க, எனக்கு அதுல வேற சில இடங்கள்தான் உங்க முடிவுக்கு உதவும்னு தோணுது.

1935ல பொறந்தவர். அப்பா ரேஸ் குதிரைங்களைப் பழக்குற ட்ரெய்னர், தாத்தா கிராண்ட் நேஷனல்ங்கிற பெரிய ரேஸ் ஜெயிச்ச ஜாக்கி, அதாவது லாயத்துக்குள்ளயே வளர்ந்த பையன். 1948 ஆகஸ்ட்ல ஹேடாக் பார்க்ல முதல் வெற்றி, அப்ப வயசு 12. 1954ல 18 வயசுல நெவர் சே டைங்கிற குதிரைல டெர்பிங்கிற பெரிய ரேஸை ஜெயிச்சாரு. கடைசியில கணக்குப் பார்த்தா 9 டெர்பி, டெர்பியையும் சேர்த்து 30 கிளாசிக் ரேஸ் (இங்கிலாந்தோட அஞ்சு முக்கிய ரேஸ்களை அப்படிச் சொல்வாங்க), 11 தடவை சாம்பியன் ஜாக்கி, பிரிட்டன்ல மட்டும் 4,493 வெற்றி. 1970ல நிஜின்ஸ்கிங்கிற குதிரைல 2000 கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் மூணையும் ஒரே வருஷம் ஜெயிச்சாரு, அதுக்கு முன்னாடி அதைப் பண்ணது 1935ல பஹ்ராம்ங்கிற குதிரை, அதுக்குப் பின்னாடி இன்னைக்கு வரைக்கும் மூணையும் சேர்த்து ஜெயிச்ச குதிரை கிடையாது. 1995ல தான் கடைசியா விட்டாரு. நடுவுல அஞ்சு வருஷம் ஓட்டல, அந்த அஞ்சு வருஷத்தைப் பத்தி கீழ சொல்றேன், அது உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

முதல்ல எடை. நான் அதிகமா பயப்படுறது இதுக்குத்தான், விழுறதுக்குக் கூட இல்ல. பிகாட் உயரம் 5 அடி 8 அங்குலம், ஃப்ளாட் ரேஸ் (வேலி தாண்டாம ஓடுற ரேஸ்) ஜாக்கிக்கு அது ரொம்ப ஜாஸ்தி. சாதாரணமா சாப்பிட்டிருந்தா அவர் 63, 64 கிலோ இருந்திருப்பாரு, ஆனா வாழ்க்கை பூரா 53 கிலோ பக்கத்துலயே உடம்பை அடக்கி வெச்சாரு. காபி, சுருட்டு, பேருக்கு ரெண்டு வாய் சாப்பாடு, வியர்வையில தண்ணி எடை இறக்குறது, இப்படியே வருஷக்கணக்கா. அவர் உடம்பு தாங்குச்சு, அதைப் பார்த்துட்டு அதே மாதிரி பண்ணப் போய் உடம்பைக் கெடுத்துக்கிட்டவங்க எத்தனை பேரோ. ஜாக்கியோட எடைன்னா வெறும் ஆள் எடை இல்ல அக்கா, சேணத்தைக் கையில வெச்சுக்கிட்டு தராசுல உக்காரணும், ரேஸ் முடிஞ்சு வந்து மறுபடியும் உக்காரணும். குதிரை சுமக்க வேண்டிய எடையை விட கம்மியா இருந்தா சேணத்துக்குக் கீழ இருக்கிற துணியில ஈயத் தகடு சொருகுவாங்க, கூட இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, பட்டினிதான். ஃப்ளாட் ரேஸ்ல லேசான குதிரைக்கு சேணத்தோட சேர்த்தே 52 கிலோ பக்கம் தான் வரும்.

உங்க பொண்ணு 5 அடி 1, எடை 47ன்னு எழுதியிருக்கீங்க. இப்போதைக்கு இது நல்ல கணக்கு. ஆனா 16 வயசுப் பொண்ணு உடம்பு இன்னும் நிக்கல. அதனால நான் போடுற முதல் கண்டிஷன் இதுதான், ரேசிங் ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க ஜிபி (குடும்ப டாக்டர்) கிட்ட கூட்டிட்டுப் போய் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, இரும்புச்சத்து, வைட்டமின் டி பாருங்க, பீரியட்ஸ் மாசா மாசம் ஒழுங்கா வருதான்னு குறிச்சு வைக்கச் சொல்லுங்க. பீரியட்ஸ் தள்ளிப் போச்சுன்னா சாப்பாடு பத்தலன்னு உடம்பு சொல்லுதுன்னு எடுத்துக்கணும், அது எலும்பு வரைக்கும் போகும். அவ வெட்கப்பட்டு மறைப்பா, நீங்கதான் கேக்கணும். ஒரு நல்ல சேதி, பிகாட் காலத்துல ரேஸ்கோர்ஸ்லயே வியர்க்க வெச்சு எடை இறக்குற சௌனா ரூம் இருந்துச்சு, கொரோனா சமயத்துல மூடினதை 2021ல நிரந்தரமாவே மூடிட்டாங்க. ஜாக்கிகளுக்குன்னே டயட்டீஷியன் இருக்காங்க, லிவர்பூல் ஜான் மூர்ஸ் யுனிவர்சிட்டி இந்த விஷயத்துல வருஷக்கணக்கா வேலை பண்ணிருக்கு. பட்டினி கிடக்காம எடையைப் பிடிக்க முடியும்னு இன்னைக்குத் தெரியும், அவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்ல.

காயம் பத்தி நீங்க பயப்படுறது நியாயம். ஃப்ளாட் ரேஸ்ல வேலி தாண்டுறது கிடையாது, அதனால ஜம்ப் ரேஸை விட விழுறது ரொம்பவே கம்மி, ஆனா விழுந்தா வேகம் ஜாஸ்தி. 1981ல எப்ஸம்ல ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்னாடியே அவர் ஏறியிருந்த குதிரை ஸ்டாலுக்கு (ரேஸ் கிளம்புற கூண்டு) அடியில பூந்து பிகாட்டையும் சேர்த்து இழுத்துட்டுப் போச்சு, காது கிழிஞ்சு தையல் போட்டாங்க, ஒரே வாரத்துல ஃபேரி ஃபுட்ஸ்டெப்ஸ்ங்கிற குதிரைல ஏறி 1000 கினீஸ் ரேஸ் ஜெயிச்சாரு. பொண்ணு இதை வீரமா சொல்லுவா, அவ சொல்றப்ப நீங்க தலையாட்டாதீங்க. இப்ப அப்படி உடனே ஏற முடியாது, தலையில அடி பட்டா டாக்டர் கிளியர் பண்ற வரைக்கும் உக்கார வெச்சிருவாங்க. இஞ்சூர்டு ஜாக்கீஸ் ஃபண்ட்னு 1964லேருந்து ஒரு அறக்கட்டளை இருக்கு, லேம்போர்ன், மால்டன், நியூமார்க்கெட் மூணு ஊர்லயும் ஜாக்கிகளுக்கான மறுவாழ்வு சென்டர் நடத்துறாங்க. அதுல நியூமார்க்கெட் சென்டரை அவங்க அப்பாவை ஒரு தடவை கூகுள்ல பார்க்கச் சொல்லுங்க.

அடுத்தது, அவ பார்க்காம விடுற ஒரு இடம். பிகாட்டுக்கு சின்ன வயசுலேருந்தே காது சரியா கேக்காது, பேச்சும் தெளிவா வராது. ஆனாலும் யாரு தன்னை வேலைக்கு வெச்சிருக்காங்க, யாரோட குதிரை நாளைக்கு ஜெயிக்கும்ங்கிறதுல அவர் கவனம் தப்பவே இல்ல. 1954ல டெர்பி ஜெயிச்ச கையோட ராயல் அஸ்காட் ரேஸ்ல முரட்டுத்தனமா ஓட்டினதுக்கு லைசென்ஸை ஆறு மாசத்துக்குப் பிடுங்கிட்டாங்க, அப்பா லாயத்தை விட்டு வேற ட்ரெய்னர் கிட்ட போய் வேலை பார்க்கணும்னு உத்தரவு. மூணு மாசத்துல திரும்பினாரு, சீக்கிரமே கார்டன் ரிச்சர்ட்ஸ்ங்கிற பெரிய ஜாக்கி இடத்துல, நோயல் மர்லெஸ்ங்கிற ட்ரெய்னரோட லாயத்துக்கு ஜாக்கி ஆனாரு. பத்து வருஷத்துக்கு மேல அங்க. அப்புறம் 1966ல ஓக்ஸ் ரேஸுக்கு மர்லெஸ் குதிரையை விட்டுட்டு வின்சென்ட் ஓப்ரையன்ங்கிற இன்னொரு ட்ரெய்னரோட வலோரிஸ்ங்கிற குதிரைல ஏறி ஜெயிச்சாரு, அதோட அந்த உறவு முறிஞ்சு ஃப்ரீலான்ஸ் ஆனாரு. அந்தக் காலத்துல பெரிய லாயத்து வேலையை விட்டுட்டு அப்படி வெளிய வர்றது யாரும் துணியாத காரியம். 1981, 82ல கூட ஹென்றி செசில் லாயத்துல இருந்துதான் மறுபடியும் சாம்பியன் ஆனாரு, வயசு 45க்கு மேல. திறமை இருந்தா போதும்னு உங்க பொண்ணு நினைக்கிறா, ஆனா விடிகாலை ட்ரெய்னர் முன்னாடி நின்னு, இந்தக் குதிரை வலது பக்கம் சாயுது சார்னு சரியாச் சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் குதிரை கிடைக்கும், குதிரை கிடைச்சாத்தான் திறமையைக் காட்டவே முடியும். நெட்வொர்க் பண்ணத் தெரியாத கூச்ச சுபாவம்னு நீங்க அவளைப் பத்தி எழுதியிருந்தீங்க, அதை நான் பெரிய குறையா நினைக்கல, நேரத்துக்கு வர்றவளா, பார்த்ததைப் பார்த்தபடி சொல்றவளான்னு மட்டும் பாருங்க.

இப்ப அந்த அஞ்சு வருஷம். 1985ல 49 வயசுல ரிட்டையர் ஆகி நியூமார்க்கெட்ல ட்ரெய்னர் ஆனாரு. 1987ல வருமான வரி ஏய்ப்பு கேஸ்ல மூணு வருஷ ஜெயில் தண்டனை, ஒரு வருஷம் போல உள்ள இருந்தாரு, ராணி குடுத்த ஓபிஈ பட்டமும் போச்சு. நாட்டுலேயே பெரிய ஜாக்கி, கையில அவ்ளோ காசு, ஆனா அந்தக் காசை ஒழுங்கா கணக்குல கொண்டு வரல. உங்க பொண்ணு ஜாக்கி ஆனா சொந்தத் தொழில் பண்றவ மாதிரிதான், சம்பளம்னு கிடையாது, ஒரு ரேஸ் ஓட்டினா இவ்ளோன்னு கூலி, ஜெயிச்சா பரிசுல சின்ன பங்கு, அதுல ஏஜெண்ட்டுக்கும் சேணம் துணிமணி பார்க்கிற வேலட்டுக்கும் குடுக்கணும், அப்ரண்டிஸா (கத்துக்கிற ஜாக்கியா) இருக்கிறப்ப ட்ரெய்னருக்கும் ஒரு பங்கு போகும், பெட்ரோல் செலவு தனி. அதனால முதல் ரேஸ் ஓட்டின மாசமே ஒரு அக்கவுண்டண்ட் கிட்ட உக்கார வையுங்க, ஒவ்வொரு கூலியிலயும் வரிக்குன்னு தனி அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்க. அக்ரிமெண்ட்ல ட்ரெய்னர் பங்கு எவ்ளோன்னு எழுத்துல வாங்குங்க.

ஜெயில்லேருந்து வந்தப்புறம் 1990 அக்டோபர்ல 54 வயசுல திரும்ப ஏறினாரு, பன்னிரண்டே நாள்ல அமெரிக்காவுல பெல்மாண்ட் பார்க்ல ராயல் அகாடமிங்கிற குதிரைல ப்ரீடர்ஸ் கப் மைல்ங்கிற பெரிய ரேஸை ஜெயிச்சாரு, 1992ல 56 வயசுல 2000 கினீஸும். எல்லாரும் இதை அற்புதம்னு சொல்வாங்க, அற்புதம்தான், எனக்கும் அந்த ரேஸ் பார்க்கும்போது புல்லரிக்கும். ஆனா ஒரு கவுன்சிலரா பார்த்தா அவருக்கு குதிரை ஓட்டுறதைத் தவிர மனசுக்குப் பிடிச்ச இன்னொரு வேலை கடைசி வரைக்கும் அமையலயோன்னும் தோணுது. இன்னைக்கு ஜாக்கிகளுக்குன்னு ஜெட்ஸ்னு ஒரு திட்டம் இருக்கு, ஓட்டிக்கிட்டு இருக்கிறப்பவே வேற படிப்பு, வேற தொழில் கத்துக்க உதவி பண்றாங்க. அவ 22 வயசுலயே அதைக் கேட்டு வாங்கணும், 40 வயசு வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

ஏன்னா உண்மையைச் சொல்றேன், ரேசிங் ஸ்கூல் முடிக்கிற எல்லாரும் ஜாக்கி ஆக மாட்டாங்க, பெரும்பாலானவங்க ஆக மாட்டாங்க. நியூமார்க்கெட்ல பிரிட்டிஷ் ரேசிங் ஸ்கூல், டான்காஸ்டர்ல நேஷனல் ஹார்ஸ்ரேசிங் காலேஜ், ரெண்டுலயும் அங்கேயே தங்கிப் படிக்கிற அடிப்படை கோர்ஸ் இருக்கு, சில மாசம்தான். முடிச்சதும் ஒரு லாயத்துல வேலை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து சாணி அள்ளணும், தண்ணி வெக்கணும், அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணா குதிரைங்களை கேலப்ஸ்க்கு (ஓடிப் பழகுற மைதானம்) ஓட்டிட்டுப் போகணும், ஜனவரி குளிர்லயும் அதேதான். இதுல தேறினவங்கள்ல சில பேருக்கு அப்ரண்டிஸ் லைசென்ஸ். அந்த அப்ரண்டிஸுக்கு முதல் 20 வெற்றி வரைக்கும் குதிரை சுமக்க வேண்டிய எடையில 7 பவுண்ட் சலுகை, 50 வரைக்கும் 5 பவுண்ட், 95 வரைக்கும் 3 பவுண்ட். சலுகை இருக்கிற வரைக்கும் கூப்பிடுவாங்க, 95 தாண்டினதும் சீனியர்களோட சரிசமமா நிக்கணும், நிறைய பேர் அங்கதான் தேங்கிப் போறாங்க. ஜாக்கி ஆகாதவங்களுக்கும் வேலை இருக்கு, ஹெட் லேட் (லாயத்து மேஸ்திரி), அசிஸ்டண்ட் ட்ரெய்னர், ரேசிங் செக்ரட்டரி, நேஷனல் ஸ்டட்ல குதிரை வளர்ப்பு டிப்ளமோ. அவளுக்கு இந்த லிஸ்ட்டைக் காட்டி, ஜாக்கி ஆகலன்னா இதுல எது பண்ணுவேன்னு கேளுங்க. "எதுவும் வேணாம், ஜாக்கி மட்டும்தான்"னா ஒரு வருஷம் பொறுங்க. "குதிரைங்க பக்கத்துல இருந்தா போதும்"னா அனுப்புங்க.

பொண்ணுங்கிறதுக்காகத் தயங்காதீங்க. 1970கள் வரைக்கும் இங்க பொண்ணுங்களுக்கு லைசென்ஸே இல்ல. 2008ல ஹெய்லி டர்னர் ஒரே வருஷத்துல 100 ரேஸ் ஜெயிச்சாங்க, 2022ல ஹாலி டாயில் பிரான்ஸ்ல நஷ்வாங்கிற குதிரைல கிளாசிக்கே ஜெயிச்சாங்க. ஆம்பளைங்களோட அதே ரேஸ், அதே தராசு.

மாமியார் கிட்ட ஒண்ணு சொல்லுங்க. அவங்க பார்த்தது ரேஸ்ல பணம் கட்டி சொத்தை அழிச்சவங்களை, அந்தக் கோபம் நியாயமானது, தமிழ்நாட்டுல 1974ல தடைச் சட்டமே போட்டாங்க, 1996ல சுப்ரீம் கோர்ட் இது திறமையை நம்பின விளையாட்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. லைசென்ஸ் வெச்சிருக்கிற ஜாக்கி இங்க ஒரு பைசா பெட் கட்டக் கூடாது, தகவலை வெளிய விக்கக் கூடாது, மாட்டினா தொழிலே போயிடும். பேத்தி சூதாடப் போகல, வேலைக்குப் போறா.

என் அபிப்பிராயம், அனுப்புங்க, ஆனா ஏ லெவல் சீட்டை விட்டுடாதீங்க. இங்கிலாந்துல 18 வரைக்கும் படிப்போ பயிற்சியோ ஏதாச்சும் ஒண்ணுல இருக்கணும், இந்த கோர்ஸும் அதுக்கப்புறம் வர்ற அப்ரண்டிஸ்ஷிப்பும் அதுல சேரும், சரிவரலன்னா அடுத்த செப்டம்பர்ல சிக்ஸ்த் ஃபார்ம் (ஏ லெவல் வகுப்பு) சேரலாம், தள்ளிச் சேர இடம் தருவாங்களான்னு ஸ்கூல்ல இப்பவே கேளுங்க. ஓபன் டேக்கு நீங்க போகாதீங்க, அவங்க அப்பாவும் அவளும் மட்டும் போகட்டும், தங்குற செலவு யாரோடது, பொண்ணுங்களுக்குத் தனி தங்குமிடமா, வெல்ஃபேர் ஆபீசர் யாரு, ராத்திரி போன் பண்ண முடியுமான்னு அவரே நேர்ல கேக்கட்டும். ரிசல்ட் வந்ததும் மேத்ஸ், இங்கிலீஷ் கிரேடு எனக்கு அனுப்புங்க, பாஸ் கிரேடான 4க்குக் கீழ எதாச்சும் இருந்தா ரீசிட்டை (மறுபடி எழுதுற பரீட்சை) எங்க வெச்சு எழுதலாம்னு பார்த்துச் சொல்றேன்.