ஐரோப்பாவுக்கு எந்த விமானத்தில் போகலாம்? காவிரி டெல்டா வாசகர்களுக்குப் பதில்கள்

"எந்த ஏர்லைன்ஸ் நல்லது?" என்பதைத்தான் பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். எகானமி வகுப்பில் கம்பெனிக்குக் கம்பெனி உள்ள வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. எங்கே ஏறுகிறோம், எங்கே மாறுகிறோம், எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா, எந்த ரக விமானம் என்பதெல்லாம்தான் பயணத்தைச் சுகமாக்கும், அல்லது படுத்தி எடுக்கும். அதனால் கீழே சில பதில்களில் கம்பெனி பெயர் கடைசியில்தான் வரும். கால அட்டவணை சீசனுக்குச் சீசன் மாறும், பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மகன் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலையில் இருக்கிறான். நானும் மனைவியும் முதல்முறையாகப் போகிறோம். திருச்சியில் ஏறலாமா, சென்னைக்கே போய்விடலாமா? (திருவாரூர்)

மனசு திருச்சியைத்தான் சொல்லும். காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம், 2024இல் திறந்த புது முனையமும் விசாலமாக இருக்கிறது. ஆனால் திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. கொழும்பிலோ, வளைகுடாவிலோ, சென்னை, மும்பை மாதிரி உள்நாட்டு ஊரிலோ மாறித்தான் ஆக வேண்டும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேரடியாகப் பறக்கிறது. சுமார் பத்து மணி நேரம். ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். முதல்முறை போகிற தம்பதிக்கு நான் இதைத்தான் சொல்வேன், கொஞ்சம் விலை கூடினாலும்.

சென்னைக்குப் போவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த விமானம் நள்ளிரவுக்குப் பின் கிளம்பும். ராத்திரி ரயிலில் போனால் விமானம் போன பிறகுதான் தாம்பரம் வருவீர்கள். பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸை மயிலாடுதுறையில் பிடித்தால் மாலையில் தாம்பரம். எழும்பூர் வரை போய்த் திரும்பி வராதீர்கள், தாம்பரத்திலேயே இறங்குங்கள். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரே விமான நிலையம். பெட்டி நிறைய இருந்தால் தாம்பரத்திலிருந்து டாக்ஸியே மேல். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் உங்களுக்கு நேரம் மிச்சம் இருக்கும், அதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

திரும்பும்போது நள்ளிரவையொட்டிச் சென்னையில் இறங்குவீர்கள். அந்த நேரத்தில் திருவாரூருக்குக் கார் வைத்துக் கிளம்ப வேண்டாம். ஓட்டுநரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். விடியும் வரை எங்காவது தங்கிவிட்டு வாருங்கள்.

என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். கால் வைக்க இடமுள்ள ஏர்லைன்ஸ் எது? (கும்பகோணம்)

முன்சீட்டுக்கும் உங்கள் சீட்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலான கம்பெனிகளில் 31 அல்லது 32 அங்குலம். ஒரு அங்குலத்துக்காகக் கம்பெனி மாற்றுவதில் அர்த்தமில்லை. அகலத்தில்தான் வித்தியாசம் தெரியும், அது விமான ரகத்தைப் பொறுத்தது. ஏர்பஸ் ஏ350இல் வரிசைக்கு ஒன்பது பேர், சீட் அகலம் ஏறக்குறைய 18 அங்குலம். ஏ380இலும் தாராளம்தான். போயிங் 777இல் இப்போது பெரும்பாலும் வரிசைக்குப் பத்துப் பேரை அடைக்கிறார்கள், அகலம் 17 அங்குலத்தை ஒட்டி. எமிரேட்ஸின் 777 இந்த ரகம். டிவி, சாப்பாடு எல்லாம் அருமையாக இருக்கும், தோள் மட்டும் பக்கத்துக்காரர் தோளோடு உரசிக்கொண்டே வரும். போயிங் 787இலும் ஒன்பது பேர்தான், ஆனால் விமானமே ஏ350ஐவிடச் சற்றுக் குறுகல். சென்னை-லண்டன் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரும்பாலும் 787தான்.

787, ஏ350 இரண்டிலும் இன்னொரு நன்மை. உள்ளே காற்றழுத்தத்தைச் சுமார் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். பழைய ரகங்களில் 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தலைவலியும் அசதியும் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிக்கெட் போடும் பக்கத்தில் விமான ரகம் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். அவசர வழி வரிசை சீட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். உங்கள் உயரத்துக்கு அந்தப் பணம் தண்டம் இல்லை. ஆனால் அந்த வரிசையில் கைப்பிடிக்குள் மேஜையும் திரையும் இருப்பதால் சீட் அகலம் இன்னும் சுருங்கும். உயரம் மட்டும் என்றால் சரி, உடம்பும் பருமனாக இருந்தால் சாதாரண வரிசையில் நடைபாதை ஓர சீட்டே போதும். கணவன் மனைவியாகப் போனால் ஏ330 பாருங்கள். இரண்டு-நான்கு-இரண்டு அமைப்பு, ஜன்னல் பக்கம் மூன்றாம் ஆள் தொல்லை இல்லை.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, சுத்த சைவம். பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போகிறார். எதில் அனுப்புவது? (காரைக்கால்)

காரைக்காலில் பாரிஸ் உறவு இல்லாத தெரு குறைவு, அதனால் தெருவில் விசாரித்தாலே அனுபவக் கதைகள் நிறையக் கிடைக்கும். என் ஓட்டு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்கு. திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரம், அங்கிருந்து பாரிஸ் சுமார் பதினொரு மணி நேரம். கொழும்பு விமான நிலையத்தில் வழிகாட்டும் பலகைகள் தமிழிலும் இருக்கும். தனியாகப் போகும் அம்மாவுக்கு அதைவிடத் தைரியம் வேறென்ன? பாரிஸ் விமானம் எல்லா நாளும் இருக்காது. கொழும்பில் இரண்டு மூன்று மணி நேரத்தில் இணைப்பு கிடைக்கிற நாளாகப் பார்த்து வாங்குங்கள். இரவு முழுக்கக் காத்திருக்க வைக்கும் நாளென்றால் சென்னையிலிருந்து தோஹா அல்லது துபாய் வழி பாருங்கள்.

சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் போடும்போதே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன், சொல்லிவிடுங்கள். நடக்க முடிகிறவர்களும் கேட்கலாம். மாறும் இடத்தில் பணியாளரே கூட்டிப்போய் அடுத்த வாசலில் விடுவார்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். "இந்து உணவு" என்று ஒன்று பட்டியலில் இருக்கும், குறியீடு எச்.என்.எம்.எல். பெயரைப் பார்த்துச் சைவம் என்று போட்டுவிடுவார்கள். அது அசைவம், மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். வி.எல்.எம்.எல். என்பது மேற்கத்தியச் சைவம், முட்டை வரலாம். அம்மாவுக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல்., நம் ஊர்ப் பாணிச் சைவம். வெங்காயம், பூண்டும் ஆகாதென்றால் வி.ஜே.எம்.எல்., அதாவது சமண உணவு. சர்க்கரைக்காரர்களுக்கான உணவு என்று தனியாக உண்டு, ஆனால் அது சைவமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. ஏ.வி.எம்.எல். போட்டுவிட்டு இனிப்பை ஒதுக்கச் சொல்லுங்கள். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் பதிய வேண்டும், இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் மருந்து வீண். மருத்துவர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும்.

ஒரு இணையதளத்தில் லண்டன் வழியாக ரோமுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு தனி டிக்கெட்டாகக் காட்டுகிறது. என்னிடம் ஷெங்கன் விசா இருக்கிறது. வாங்கலாமா? (மயிலாடுதுறை)

வாங்காதீர்கள். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு, பிரிட்டன் அதில் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு லண்டனில் விமானம் மாறவே பிரிட்டனின் டிரான்சிட் விசா வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, சாதாரண சுற்றுலா ஷெங்கன் விசா அதில் சேராது. தனி டிக்கெட் என்றால் இன்னும் மோசம். பெட்டியை லண்டனில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்குக் குடியுரிமைச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். சென்னையிலேயே, செக்-இன் கவுன்டரில், ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஷெங்கன் விசாவோடு ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழி போனால் இந்தத் தொல்லை இல்லை. முதலில் இறங்கும் ஷெங்கன் ஊரிலேயே பாஸ்போர்ட் சோதனை முடியும். 2025 அக்டோபரிலிருந்து அங்கே கைரேகையும் முகப்படமும் பதியும் புது முறை வந்திருப்பதால் வரிசை நீளும். ஒன்றேகால் மணி நேர இணைப்பெல்லாம் வேண்டாம், இரண்டரை மணி நேரமாவது இருக்கட்டும்.

இதே மாதிரி திருச்சியிலிருந்து மலிவு விமானத்தில் ஷார்ஜா, அப்புறம் துபாயில் வேறு டிக்கெட் என்று கணக்குப் போடுகிறவர்களும் எழுதியிருக்கிறீர்கள். அவை வேறு வேறு விமான நிலையங்கள், அமீரக விசா வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காற்றோடு போச்சு. ஒரே டிக்கெட்டாக இருந்தால் இணைப்பு தவறினாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கம்பெனியின் பொறுப்பு. 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது எத்தனையோ பேரின் இணைப்பு அறுந்தது. ஒரே டிக்கெட் வைத்திருந்தவருக்கு அடுத்த விமானம் கேட்கும் உரிமை இருந்தது. தனித்தனியாக வாங்கியவர் புது டிக்கெட்டுக்குப் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான்.

நாகப்பட்டினத்துக் கருவாடும் வீட்டு நெய்யும் கொண்டுபோக வேண்டும். லக்கேஜ் அதிகம் தரும் கம்பெனி எது? (நாகப்பட்டினம்)

கருவாடு போகலாம், நெய் போகக் கூடாது! ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒருவர் 20 கிலோ வரை மீன், காய்ந்த மீன் உட்பட, சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகலாம். இறைச்சியும் பால் பொருட்களும் வெளிநாட்டிலிருந்து கூடாது. நெய், பனீர் எல்லாம் அதில் அடங்கும், பால்கோவாவும் சிக்கல்தான். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், கும்பகோணம் வெற்றிலை இவற்றுக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. காபிப் பொடி, சாம்பார் பொடி தாராளமாக. கருவாட்டை மூன்று சுற்றுக் கட்டி, கூடவே அனுப்பும் பட்டுப்புடவையிலிருந்து தூரமாக வையுங்கள்.

லக்கேஜில் இரண்டு முறை இருக்கிறது. சிலர் மொத்த எடை சொல்வார்கள், அதை எத்தனை பெட்டியில் பிரித்தாலும் சரி. சிலர் பெட்டிக் கணக்கு, ஒரு பெட்டி 23 கிலோ. இந்த முறையில் ஒரே பெட்டியில் 26 கிலோ வைத்தால் கூடுதல் கட்டணம். எந்தக் கம்பெனியானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. ஐரோப்பியக் கம்பெனிகளின் 'லைட்', 'பேசிக்' போன்ற மலிவுக் கட்டணங்களில் பெட்டியே சேர்ந்திருக்காது, கவனம்.

ஏர் இந்தியாவா, வெளிநாட்டுக் கம்பெனியா? (மன்னார்குடி)

2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் ஏர் இந்தியாவுக்குச் சுற்றுவழி ஆனது அதனால்தான். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அந்தத் தடை கிடையாது. வாங்கும் நாளில் பயண நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏர் இந்தியாவில் ஏ350 கிடைத்தால் நன்றாகவே இருக்கும், ஏர் இந்தியாவோடு இணைந்த விஸ்தாரா கம்பெனியிலிருந்து வந்த 787-9உம் பரவாயில்லை. பழைய 787-8இல் உட்புறத்தை மாற்றும் வேலை நடந்துவருகிறது, மாற்றாத விமானம் கிடைத்தால் அது உங்கள் துரதிர்ஷ்டம்.

யாரும் கவனிக்காத ஒரு விஷயம் நஷ்டஈடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஐரோப்பிய ஊரிலிருந்து கிளம்பும் விமானம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ வரை கேட்கலாம். தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் என்றால் கம்பெனி அதைப் பாதியாகக் குறைக்கலாம். புயல், வான்வெளி மூடல் போல அவர்கள் கையில் இல்லாத காரணத்துக்குக் கிடைக்காது. ஆனால் இங்கிருந்து போகும்போது, விமானத்தை இயக்குவது ஐரோப்பியக் கம்பெனியாக இருந்தால்தான் இந்த உரிமை. சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் போனால் உண்டு, கத்தார் ஏர்வேஸில் போனால் இல்லை, பாரிஸிலிருந்து கத்தார் ஏர்வேஸில் திரும்பினால் உண்டு. விலை ஒன்றாக இருந்தால் நான் ஐரோப்பியக் கம்பெனி பக்கம் சாய்வேன்.

எப்போது வாங்கினால் மலிவு? (பாபநாசம்)

செவ்வாய்க்கிழமை ராத்திரி வாங்கினால் குறையும் என்பதெல்லாம் கதை. பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் விலை ஏற்றும். பிப்ரவரியும் நவம்பர் முதல் பாதியும் பொதுவாக இறங்கும். முகவரிடம் வாங்கினால், பதிவில் உங்கள் கைபேசி எண் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள். அவருடைய எண் மட்டும் இருந்தால் நேரமாற்றச் செய்தி அவருக்குத்தான் போகும்.

டிக்கெட்டில் 14ஆம் தேதி 01:50 என்று இருக்கிறது. எந்த இரவு கிளம்ப வேண்டும்? (திருவையாறு)

13ஆம் தேதி இரவு பத்து மணிக்கு விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். சோழனுக்கு முன்பதிவும் 13ஆம் தேதிக்கே, தஞ்சாவூரிலிருந்து.