சபைப் பணத்தில் கை வைத்தவர் சொந்தக்காரர்: எழுந்து சொல்லவா, மூடிவிடவா?

கேள்வி: எங்களுடையது சுமார் 80 குடும்பங்கள் உள்ள சுயாதீன சபை. நான் கமிட்டியில் இருக்கிறேன். கட்டட நிதி பாஸ்புக்கைத் தற்செயலாகப் பார்த்தபோது, பொருளாளர் மூன்று தடவையாக ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் எடுத்திருப்பது தெரிந்தது. அந்த மாதங்களில்தான் அவர் மகள் கல்யாணம் நடந்தது. கணக்கு நோட்டில் அந்தத் தொகைகள் இல்லை. அவர் என் மனைவிக்கு அண்ணன் முறை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து கேட்டுவிடலாமா? 'நியாயந்தீர்க்காதிருங்கள்' என்று வசனம் இருக்கிறதே, விட்டுவிடலாமா?

பதில்: இந்த ஞாயிறு எழுந்து நிற்காதீர்கள். விட்டுவிடவும் செய்யாதீர்கள். இரண்டுமே உங்களுக்குச் சுலபம், அவருக்கும் சபைக்கும் கேடு.

அந்த வசனத்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு முதலில் உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை எடு என்கிறார். அதோடு முடிக்கவில்லை. அப்புறம் சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார். ஆகவே, போவதற்கு முன் ஒரு ராத்திரி உங்களையே கேளுங்கள்: இந்த ஆளை விழவைப்பதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருக்கிறதா? பழைய குடும்பச் சண்டை, சொத்துப் பேச்சு, கமிட்டித் தேர்தல் ஏதாவது பாக்கி இருக்கிறதா? இருந்தால், அதை முதலில் ஆண்டவரிடம் தீர்த்துவிட்டுப் போங்கள்.

மத்தேயு 18:15-17 சபை ஒழுங்குக்கு அடிப்படை என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் நீயும் அவனும் மட்டும், கேட்காவிட்டால் இரண்டொருவரோடு, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு. நம் சபைகளில் அடிக்கடி காணாமல் போவது முதல் படிதான். முப்பது வருட ஊழியத்தில் நான் பார்த்த வழி வேறு. விஷயம் முதலில் ஜெபக்குழுவுக்குப் போகும். "பேர் சொல்ல விரும்பவில்லை, ஒரு குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும். ஐந்து நிமிடத்தில் பேர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு போதகர், விலக்கப்பட்ட பொருளைத் திருடி ஒளித்து வைத்த ஆகானைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவார், மூன்றாம் வரிசையைப் பார்த்தபடி. அன்று அந்த மனுஷனைத் தவிர மற்ற எல்லோரும் மனந்திரும்புவார்கள்! பிரசங்க பீடத்திலிருந்து குத்துவதற்குக் கண்டித்து உணர்த்துதல் என்று பேர் வைக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து பேசப் பயப்படுகிறவர்கள் செய்யும் வேலை அது. அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன்.

ஆகவே தனியாகப் போங்கள். அவர் வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம் வேண்டாம், போனிலும் வேண்டாம். குற்றச்சாட்டோடு ஆரம்பிக்காமல் கேள்வியோடு ஆரம்பியுங்கள். "மச்சான், கட்டட நிதி பாஸ்புக்கில் மூன்று எடுப்புகள் இருக்கு, நோட்டில் இல்லை. என்னவென்று நீங்களே சொல்லுங்கள்." சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். ஒருவேளை கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுத்து எழுத மறந்திருக்கலாம். கல்யாண மாதமும் எடுப்பு மாதமும் ஒன்றாக இருப்பது சந்தேகத்துக்கு இடம் தருகிறது, ஆனால் அதுவே சாட்சி ஆகிவிடாது. காரியத்தைக் கேட்கும் முன்னே பதில் சொல்லுகிறவனுக்குப் புத்தியீனமும் வெட்கமும் என்று நீதிமொழிகள் 18:13 எச்சரிப்பது இந்த மாதிரி சமயத்துக்குத்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இது உங்கள் சொந்தப் பணம் இல்லை. உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் செய்த குற்றமானால், நீங்கள் மன்னித்தால் அங்கேயே முடிந்துவிடும். சபையார் கூலியிலும் சம்பளத்திலும் பிரித்துப் போட்ட காணிக்கையை மன்னித்துவிட உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் அழுவார், காலைப் பிடிப்பார், அப்போது வாய் தவறும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: "போதகரிடமும் கமிட்டியிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஒரு வாரம் பொறுக்கிறேன். வேண்டுமானால் கூட வருகிறேன்." தானாகச் சொல்ல ஒருவனுக்குக் கிடைக்கும் அந்த ஒரு வாரம் பெரிய கிருபை. பிடிபட்டவன் என்ற பேரும் ஒப்புக்கொண்டவன் என்ற பேரும் ஒன்றல்லவே. போவதற்கு முன்பே பாஸ்புக் பக்கங்களின் நகலைப் பத்திரப்படுத்திவிடுங்கள். சந்தேகத்துக்காக அல்ல, கணக்குக்காக.

ஒரு வாரத்தில் அவர் அசையவில்லை என்றால் இரண்டாம் படி. கூட்டிப்போகும் இரண்டு பேர் உங்கள் கட்சி ஆட்களாக இருக்கக்கூடாது. அவர் மதிக்கிற ஒரு பெரியவர், கணக்கு தெரிந்த ஒருவர், அது போதும். சாட்சி என்றால் உங்களுக்குச் சாட்சி சொல்ல மட்டும் வருகிறவர்கள் என்று நினைக்காதீர்கள். நீங்கள் நியாயமாகப் பேசினீர்களா என்பதற்கும் அவர்கள்தான் சாட்சி. அவர் மூப்பராகவும், அதாவது சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவராகவும் இருந்தால் 1 தீமோத்தேயு 5:19 பொருந்தும். இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பர்மேல் புகாரை ஏற்கக்கூடாது. இங்கே வங்கிப் பதிவே இருப்பதால், கமிட்டி அதை வெளி ஆடிட்டர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. சபை 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருந்தால், கணக்கை ஒழுங்காக வைப்பது கமிட்டியின் சட்டக் கடமையும்கூட. தெரிந்தும் மறைத்தால் நாளை கேள்வி உங்களிடமும் வரும்.

அவர் ஒப்புக்கொண்டார் என்று வையுங்கள். இங்கேதான் நம் ஆட்கள் குழம்புகிறார்கள். "மன்னித்துவிட்டோம், பொருளாளராகவே இருக்கட்டும்" என்று ஒரு கூட்டம், "மன்னிப்பே கிடையாது" என்று இன்னொரு கூட்டம். மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு. மன்னிப்பை அன்றைக்கே கொடுக்கலாம். பொருளாளர் பதவியும் செக் கையெழுத்தும் அன்றைக்கே போக வேண்டும். பணம் திரும்பி வர வேண்டும். லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். நீங்கள் அவ்வளவு கேட்க வேண்டாம், எடுத்த தொகையையாவது மாதத் தவணையாக எழுதி வாங்குங்கள். அவர் மனந்திரும்பியிருந்தால், ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தை நிறுத்த நான் சொல்லமாட்டேன். சில சபைகளில் சில மாதம் நிறுத்துவது வழக்கம். அப்படி நிறுத்தினால் எப்போது முடியும் என்ற தேதியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

சபைக்கு எவ்வளவு சொல்வது? பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்கு தெரிய வேண்டும். ஆனால் அதற்கு ஞாயிறு ஆராதனை இடமல்ல, யூடியூப் லைவ் அறவே அல்ல. அங்கத்தினர் கூட்டத்தில், எழுதி வைத்து வாசியுங்கள்: எவ்வளவு தொகை, எப்படித் திரும்பி வருகிறது, இனி கணக்கை யார் பார்ப்பது. அவ்வளவுதான். கல்யாணப் பேச்சை இழுக்காதீர்கள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? பவுல் எருசலேமுக்குப் பணம் கொண்டுபோனபோது தன்னை யாரும் குறைசொல்லாதபடிக்குச் சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் கூட அனுப்பினான் (2 கொரிந்தியர் 8). உங்கள் சபையில் ஒரே ஆள் கையெழுத்தில் இரண்டு லட்சம் வெளியே போக முடிந்ததே, அது மொத்தக் கமிட்டியின் குற்றம். அதையும் அந்தக் கூட்டத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.

அவர் மறுத்தார், சபை சொல்லியும் கேட்கவில்லை என்றால் திருவிருந்தை நிறுத்துவதும், கடைசியில் அங்கத்துவத்தை நீக்குவதும் தவிர வழியில்லை. அப்போதும் சபை நீக்கம் வேறு, ஊர்விலக்கு வேறு. கிறிஸ்தவ ஊர்களில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். வீட்டு விசேஷத்துக்குப் போகாதே, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று மிரட்டுவது, பிள்ளைகளை ஞாயிறு பள்ளியில் ஓரங்கட்டுவது, இதற்கெல்லாம் வேதத்தில் ஆதாரம் இல்லை. சபைக்கும் கேட்காதவன் உனக்கு "ஆயக்காரனைப்போல இருப்பானாக" என்று மத்தேயு 18:17 சொல்கிறது. ஆயக்காரன் என்றால் வரி வசூலிப்பவன், ஜனங்கள் வெறுத்து ஒதுக்கிய ஆள். அந்த வசனத்தை எழுதிவைத்த மத்தேயுவே ஆயக்காரன். ஆயக்காரரோடு இயேசு பந்தியிருந்தார். 2 தெசலோனிக்கேயர் 3:15-ம் அவனைச் சத்துருவாக எண்ணாதே, சகோதரனாக எண்ணிப் புத்திசொல் என்கிறது. அவரே சபையை விட்டு விலகிவிட்டால் துரத்திப்போய் அறிவிக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் காலின்ஸ்வில் ஊரில் ஒரு பெண் விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகும் மூப்பர்கள் அவர் பாவத்தைச் சபையில் வாசித்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. விலகுமுன் நடந்ததில் தலையிடமாட்டோம், விலகியபின் செய்ததற்குச் சபைக்குப் பாதுகாப்பு இல்லை என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. நம் ஊர்ச் சட்டம் வேறு, ஆனால் எச்சரிக்கை நமக்கும்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தனித்தனிப் படிகளைப் பிள்ளைகள்மேல் நடக்கும் பாலியல் குற்றத்துக்கு யாரும் பயன்படுத்தக்கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். 'முதலில் தனியாகப் பேசுவோம்' என்று போனால் குற்றவாளிக்குத்தான் கால அவகாசம் கிடைக்கும்.

சொந்தக்காரர் என்பதைப் பற்றி: பெரிய இடத்துக்கு ஒரு ஒழுங்கு, ஏழைக்கு ஒரு ஒழுங்கு என்பதுதான் நம் சபைகளின் தீராத வியாதி. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட பெண்ணை உடனே எழுத்து மூலம் நீக்குவார்கள், வட்டிக்கு விட்டு ஊரைக் கெடுப்பவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். தெசலோனிக்கேயாவில் ஜனங்களைக் கொன்றுகுவித்த தியோடோசியு பேரரசனுக்கே 390-இல் மிலான் பிஷப் அம்புரோஸ் திருவிருந்து மறுத்தார், அரசனும் மனந்திரும்பி வந்தான். உங்கள் மச்சானுக்காக மட்டும் விதியை வளைக்காதீர்கள். அவர் சொந்தம் என்பதால் விதியை இன்னும் இறுக்கி உங்கள் நேர்மையைக் காட்டவும் வேண்டாம். இரண்டாவது சோதனை உங்களைப் போன்றவர்களுக்கு அதிகம். கமிட்டி ஓட்டெடுக்கும்போது சொந்தம் என்று சொல்லி விலகி நில்லுங்கள்.

கலாத்தியர் 6:1-இல் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று வரும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்தான், மாற்கு 1:19-இல் யாக்கோபும் யோவானும் வலையைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. கிழிந்த வலையை மடியில் போட்டு, கண்ணி கண்ணியாக விரலால் தேடித் தைப்பதைக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். யாரும் கோபத்தோடு வலை பின்னுவதில்லை. தவணை முடியும் வரை மாதம் ஒரு தடவை அவரோடு உட்கார்ந்து பேச, ஜெபிக்க ஒரு ஆளைக் கமிட்டி நியமிக்கட்டும். கொரிந்துவில் பாவம் செய்த ஒருவனைத் தண்டிக்கச் சொன்ன பவுலே பிறகு, அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது.

மனைவியிடம் முதலில் சொல்லலாமா என்று கேட்பீர்கள். இன்றைக்கு வேண்டாம். சொன்னால் அவர் தன் அண்ணனுக்குப் போன் பண்ணுவார், நீங்கள் போகுமுன்னே கதவு சாத்தியிருக்கும். மச்சானைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள், இன்னொருவர் வாயால் அவர் கேட்கக்கூடாது.