அலர்ஜிக்கான அவசர ஊசியைப் பள்ளியில் வைத்திருக்க இந்தியாவில் சட்டம் உண்டா?

இல்லை. பள்ளியிலோ ஓட்டலிலோ அலர்ஜி முற்றினால் போடுகிற அட்ரினலின் ஊசி இருந்தாக வேண்டும் என்றோ, டாக்டர் அல்லாதவரும் அவசரத்துக்கு அதைப் போடலாம் என்றோ சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மகளுக்கு முந்திரி ஆகாது. அவளுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஐந்து வயதில் பக்கத்து வீட்டில் சப்பாத்தி குருமா சாப்பிட்டாள். "முந்திரி போட்டிருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊட்டினேன். இல்லை என்றார். தேங்காயோடு அரைத்துவிட்ட நாலு முந்திரி அவர் நினைவுக்கே வரவில்லை. "அம்மா, நாக்கு அரிக்குது" என்றாள். உதடு தடித்தது, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது, அப்புறம் குரல் கம்மி இருமல் வந்தது. நான் அலர்ஜிக்குக் கொடுக்கிற செட்டிரிசின் சிரப்பைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. செட்டிரிசின் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடைக்கிற மூச்சுக்கும் இறங்குகிற ரத்த அழுத்தத்துக்கும் முதலில் போட வேண்டியது அட்ரினலின். ஆஸ்பத்திரியில் தொடையில் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். சில நிமிஷத்தில் என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டாள்.

அட்ரினலின் நம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் ஆம்பியூல் என்கிற மூடிய சின்னக் கண்ணாடிக் குப்பியில் வருகிறது. குப்பியின் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, காற்றை வெளியேற்றி, சரியான கோட்டில் நிறுத்த வேண்டும். அப்போது 20 கிலோ இருந்த அவளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது 0.2 மில்லி. ஊசிக்கான தண்ணீர் ஆம்பியூல்களை வாங்கிவந்து சமையலறை மேடையில் வைத்துப் பழகினேன். முதல் ஆம்பியூல் விரலைக் கிழித்துவிட்டது. அமைதியாக இருக்கும்போதே இப்படி என்றால், குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது? எபிபென் மாதிரித் தொடையில் வைத்து அழுத்தினால் போதும் என்கிற பேனா, நான் கேட்ட எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இல்லை. சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். டாக்டர் சீட்டோடு 12ஏ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பள்ளியில் பேசியபோது, "டீச்சர் ஊசி போட்டு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் அதற்குச் சட்டத்திலேயே பதில் எழுதிவைத்திருக்கிறது. சப்ரினா ஷானன் என்ற 13 வயதுப் பெண் பள்ளியில் சாப்பிட்டதில் அலர்ஜி வந்து 2003-இல் இறந்துபோனாள். அவள் பெயரிலேயே 2006 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்தது. ஊழியர்களுக்குப் பயிற்சி கட்டாயம். முன் அனுமதி இல்லாவிட்டாலும் ஊசி போடலாம். நல்லெண்ணத்தோடு போட்டவர் மேல் நஷ்டஈட்டு வழக்கு கிடையாது. பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து பள்ளிகளே சீட்டு இல்லாமல் பேனாவை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இங்கே உதவிக்கு வருவோரைக் காக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சாலை விபத்துக்கு மட்டும்தான். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு, சம்மதம் கேட்க நேரமில்லாத நிலையில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாக்காது. ஆனால் ஒரு டீச்சரின் கை நடுங்காமல் இருக்க அது போதாது. அவருக்குச் சட்டத்தில் தெளிவாக ஒரு வரி வேண்டும்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி அலர்ஜி இருந்தால், மருந்தின் பெயர், அளவு, எந்த அறிகுறிக்குப் போட வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கூடவே உங்கள் சம்மதக் கடிதம். பள்ளியில் கொடுக்கிற மருந்துப் பையைப் பூட்டின அலமாரியில் வைக்க விடாதீர்கள். ஊசி போட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், அறிகுறிகள் திரும்பவும் வரலாம். எங்கள் கிளாஸ் மிஸ் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, ஏழெட்டு ஆம்பியூல் உடைத்துக் கற்றுக்கொண்டார். ஜூனில் மகள் அடுத்த வகுப்புக்குப் போகிறாள். புது மிஸ்ஸிடம் முதலிலிருந்து பேச வேண்டும்.