கோவைக்கு மெட்ரோ வருமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கொங்குப் பக்கத்து நண்பர்கள் மெட்ரோ ரயில் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தூண், பாலம், சுரங்கம் என்று கட்டுமானத்திலேயே இருப்பவன் நான். அதனால் அந்தப் பக்கம் பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

கேள்வி (பீளமேடு, கல்லூரி மாணவி): அண்ணா, நம்ம ஊர் மெட்ரோ திட்டத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்களே, இனி அவ்வளவுதானுங்களா?

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம் அம்மிணி. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது உண்மை. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, 20 லட்சம் மக்கள் உள்ள நகரங்கள் மெட்ரோவைத் திட்டமிடலாம் என்கிறது. 2011 கணக்குப்படி கோவை மாநகராட்சியில் 15.84 லட்சம் பேர்தான் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அதே 2011 கணக்கெடுப்பில், சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்த கோவை நகர்த்தொகுப்பு 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதல் வழித்தடம் முடிகிற நீலாம்பூரே மாநகராட்சி எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. ரயில் எல்லை தாண்டிப் போகும், ஆனால் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களை எண்ண மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்? கோவை அளவுக்கே மாநகர மக்கள்தொகை கொண்ட ஆக்ராவுக்கு 2019இல் ஒப்புதல் கிடைத்து, 2024 மார்ச்சில் அங்கே ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது.

ஆனால் மற்ற ஆட்சேபங்களை அப்படி ஒதுக்கிவிட முடியாது. சில நிலையங்களுக்குச் சாலை அகலம் போதாது என்றார்கள். சென்னையைவிடச் சிறிய பாதையில் சென்னையைவிட அதிகக் கூட்டம் வரும் என்ற கணிப்பையும் கேள்வி கேட்டார்கள். இவற்றுக்குக் களத்தில் எண்ணி எடுத்த கணக்கோடு பதில் தர வேண்டும். கோபப்பட்டு அறிக்கை விடுவதால் ஒன்றும் நகராது.

கேள்வி (சரவணம்பட்டி, ஐடி ஊழியர்): எந்தெந்த வழியாகங்க போகும்?

இரண்டு வழித்தடங்கள். உக்கடத்திலிருந்து அவினாசி சாலை வழியாக நீலாம்பூர் வரை ஒன்று, 20.4 கி.மீ. கோவை ஜங்ஷனிலிருந்து காந்திபுரம், பிறகு சத்தி (சத்தியமங்கலம்) சாலையில் கணபதி, உங்கள் சரவணம்பட்டி வழியாக வலியாம்பாளையம் பிரிவு வரை இன்னொன்று, 14.4 கி.மீ. மொத்தம் 32 நிலையங்கள், மதிப்பீடு 10,740 கோடி ரூபாய்.

கேள்வி (ஹோப் காலேஜ், ஓய்வுபெற்ற ஆசிரியர்): அவினாசி ரோட்டில்தான் பெரிய மேம்பாலம் கட்டி முடித்துவிட்டார்களே. இனி மெட்ரோ எங்கே நிற்கும்?

ஐயா, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் தூண்கள் சாலையின் நடுத்திட்டில் நிற்கின்றன. மெட்ரோத் தூணுக்கும் அந்த நடுத்திட்டுதான் தோதான இடம். அங்கே நின்றால் இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும், கடைகளைத் தொட வேண்டியதில்லை. அந்த இடம் போய்விட்டதால் இனி ஓரமாகத்தான் வர வேண்டும். ஓரத்தில் பூமிக்கடியில் என்ன இருக்கிறது தெரியுங்களா? குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் எல்லாம். ஒரு தூணுக்கு அடித்தளம் போடும் முன்னால் இவை அத்தனையையும் தேடிப் பிடித்து இடம் மாற்ற வேண்டும். சாலை தோண்டிக் கிடக்கும் மாதங்களில் பாதி இதற்கே போய்விடும்.

மேம்பாலத்துக்கும் மெட்ரோவுக்கும் சேர்த்து ஒரே தூணை எழுப்பியிருக்கலாம். நாக்பூரில் கீழ்த்தட்டில் வண்டிகளும் மேல்தட்டில் மெட்ரோவும் போகும்படி கட்டியிருக்கிறார்கள். சத்தி சாலையில் மேம்பாலம் என்று பேச்சு வரும்போதாவது இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி (ராமநாதபுரம், நகைப் பட்டறைக்காரர்): அத்தனை சிரமத்துக்கு, பூமிக்கடியில் கொண்டுபோயிடலாமேங்க?

பணம் எங்கே என்பதுதான் முதல் சிக்கல். முழுக்க மேலே போகும் கோவைத் திட்டத்துக்கே கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 309 கோடி ஆகிறது. சுரங்கமும் மேம்பாதையும் கலந்த சென்னை இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., 63,246 கோடி. கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல் வருகிறது.

அப்புறம் நம்ம பூமி. கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். முழுப் பாறை என்றால்கூடச் சமாளிக்கலாம். பாதி மண்ணும் பாதி பாறையுமான இடம்தான் சுரங்க இயந்திரத்தை வதைக்கும். அதன் முகப்பில் உள்ள வெட்டுப்பற்கள் ஒரு பக்கம் மண்ணில் வழுக்கும், மறுபக்கம் பாறையில் மோதித் தேயும். இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் உள்ளே போய், பல்லை ஒவ்வொன்றாக மாற்றித்தான் மறுபடி ஓட்ட முடியும். சென்னை அண்ணா சாலையில் முதல் கட்டம் தாமதமானதில் இந்தக் கலப்பு மண்ணுக்கும் பங்கு உண்டு.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி மேலாளர்): எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லையாங்க?

உங்களுக்கு மெட்ரோ பொருந்தாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகிற ரயிலில் திருப்பூரிலிருந்து கோவை வந்து சேர்வதற்குள் சலித்துப்போகும். தமிழ்நாடு அரசின் 2025-26 பட்ஜெட்டில் கோவை - திருப்பூர் - ஈரோடு - சேலம் என்று 185 கி.மீ.க்கு மண்டல விரைவு ரயில் சாத்தியக்கூறு ஆய்வை அறிவித்தார்கள். டெல்லி - மீரட் பாதையில் ஓடுவது இந்த வகைதான், மணிக்கு 160 கி.மீ. வரை போகும். என்னைக் கேட்டால், கொங்கு நாட்டின் தொழில் இருக்கும் இருப்புக்கு மெட்ரோவைவிட இதுதான் பெரிய விஷயம். அவினாசி சாலை மெட்ரோவும் இதுவும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி இப்போதே வரைந்து வைக்க வேண்டும்.

கேள்வி (கணபதி, மளிகைக் கடைக்காரர்): சத்தி ரோட்டில் வாடகைக்குக் கடை வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டால் எங்க நிலைமை?

இடத்துக்கான பணம் உரிமையாளருக்குத்தான் போகும். ஆனால் ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற இடங்களில் கடன் வாங்கும் திட்டம் என்றால், வாடகைக்காரரின் பிழைப்பு பாதிக்கப்படுவதற்கும் உதவி தர வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அதைப் பெற, கணக்கெடுப்பு நடக்கும் நாளில் நீங்கள் அங்கே கடை நடத்தியதற்குச் சான்று காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், தொழில் உரிமம், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வாய்ப்பேச்சில்தான் வாடகை என்றால், இந்த மாதமே எழுத்தில் வாங்கிவிடுங்கள் அண்ணா.