11 மாத அக்ரிமென்ட் முடிந்த வீடு: எப்போது சொல்லிக் காலி செய்வது?

கேள்வி: சத்துவாச்சாரியில் 11 மாத அக்ரிமென்ட்டில் குடியிருக்கிறோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000. அக்ரிமென்ட் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. புதுப்பிக்கவில்லை, வாடகையை வாங்கிக்கொள்கிறார். மகள் படிப்புக்காகக் காட்பாடி பக்கம் போக வேண்டும். “அக்ரிமென்ட்தான் முடிந்துபோச்சே, நாளைக்கே கிளம்பலாம்” என்கிறார் என் கணவர். “இரண்டு மாசம் முன்னாடி சொல்லணும், அடுத்த ஆள் வந்தால்தான் அட்வான்ஸ்” என்கிறார் வீட்டுக்காரர். எது சரி?

பதில்: உங்கள் கணவர் சொல்வது சரியில்லை அம்மா. வீட்டுக்காரர் கேட்கும் இரண்டு மாதம் சரியாக இருக்கலாம். அட்வான்ஸ் பற்றிச் சொல்வது தவறு.

கெடு முடிந்த அன்றே காலி செய்திருந்தால் பேச்சே இல்லை. நீங்கள் தங்கிவிட்டீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அந்த வாடகை பழைய நிபந்தனைகளோடு மாதாமாதம் நீள்கிறது, அதிகபட்சம் 6 மாதம் வரை. ஆகவே நோட்டீஸ் பற்றிய வரி இன்னும் செல்லும். அக்ரிமென்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். இரண்டு மாதம் என்றிருந்தால் இரண்டு மாதம், ஒன்று என்றால் ஒன்று. ஒன்றுமே எழுதவில்லையா? மாத வாடகைக்குச் சொத்து மாற்றச் சட்டத்தின் 106வது பிரிவு சொல்வது 15 நாள். மனம் மாறித் தங்குவதானால், அந்த 6 மாதத்துக்குள் புது அக்ரிமென்ட் போட்டு வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அரசு அதிகாரி) பதிந்துவிடுங்கள்.

வாயால் சொல்லாதீர்கள். “இன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்கிறோம்” என்று தேதி போட்டு இரண்டு வரி எழுதி, ஒரு பிரதியில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸை, காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த ஒரு மாதத்தை எண்ணத்தான் சாவி கொடுத்த நாளுக்குச் சாட்சி வேண்டும். தோட்டப்பாளையத்தில் நான் காலி செய்தபோது சாவியை வீட்டுக்காரரின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். “சாவி அடுத்த மாசம்தான் வந்தது” என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நீங்கள் அப்படி விடாதீர்கள். சாமான் ஏற்றியதும் வெறும் அறைகளை, ஆணி அடித்த சுவர், குழாய், கரண்ட் மீட்டரின் எண் உட்பட, போனில் படம் எடுங்கள். “சாவி பெற்றுக்கொண்டேன்” என்று தேதியோடு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நோட்டீஸ் கொடுத்த மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போடுவதில்லை. சண்டை போட மனமில்லை. என்ன செய்ய? (வேலப்பாடி வாசகர்)

பதில்: வாடகைத் தகராறே இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியும் முன்பே தண்ணீர் விடச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அதுவரை வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வங்கி வழியாகவே கட்டுங்கள்.