ப்ரீ-ராஃபேலைட் மாதிரி வரைந்தால் ஏன் காலண்டர் படம் ஆகிவிடுகிறது?

கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் வரையப் பழகி மூன்று வருடமாகிறது. ஒரு நாவலின் அட்டைக்கு ப்ரீ-ராஃபேலைட் சாயலில் படம் கேட்டிருக்கிறார்கள். நீண்ட கூந்தல், பூக்கள், சோக முகம் எல்லாம் வைத்தும் பழைய காலண்டர் படம் மாதிரிதான் வருகிறது. பச்சை வேறு சேறாகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: கூந்தலிலிருந்து ஆரம்பித்ததுதான் தப்பு என்று நினைக்கிறேன். ஒரே பெயரில் நாம் சொல்லும் இந்தப் பாணிக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள், நீங்கள் இரண்டின் மேல்தோலையும் சேர்த்து எடுத்திருக்கிறீர்கள்.

1848இல் லண்டன் கோவர் தெருவில், ஜான் எவரெட் மில்லே என்ற இளம் ஓவியரின் பெற்றோர் வீட்டில்தான் ப்ரீ-ராஃபேலைட் என்ற இந்த ஓவியர் குழு உருவானது. மொத்தம் ஏழு பேர், எல்லாருமே இருபதை ஒட்டிய வயது. ராயல் அகாடமி என்ற லண்டன் கலைப்பள்ளி, இத்தாலிய ஓவியர் ராஃபேலை முன்மாதிரியாக வைத்துச் சொல்லிக்கொடுத்த சூத்திரங்களும் பழுப்பு நிழலும் இவர்களுக்குப் பிடிக்கவில்லை. குழுவில் மில்லேயும் ஹோல்மன் ஹண்டும் கண்ணால் பார்ப்பதை அப்படியே வரைய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஆற்றில் மூழ்கிப்போகும் பெண்தான் ஒஃபீலியா. மில்லேயின் 'ஒஃபீலியா' (1851–52, இப்போது லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில்) படத்தில் ஆற்றங்கரை முதலில் வரையப்பட்டது. சர்ரேயில் ஹாக்ஸ்மில் என்ற சின்ன ஆற்றின் கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, செடி செடியாக வரைந்தார். ஒஃபீலியா குளிர்காலத்தில் ஸ்டூடியோவில் வந்து சேர்ந்தவள். நீங்கள் செய்தது நேர் தலைகீழ்.

பச்சை சேறானதற்கு விடையும் இங்கேதான். காய்ந்த வெள்ளைத் தளத்தின் மேல், அன்று முடிக்கக்கூடிய சின்னப் பகுதிக்கு மட்டும் வார்னிஷ் கலந்த வெள்ளையை மெல்லிசாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சன்னத் தூரிகையால் தெளிவான வண்ணத்தைத் தொட்டுத் தொட்டு வைப்பது ஹண்ட் சொன்ன முறை. வெளிச்சம் வண்ணத்தைத் தாண்டி வெள்ளையில் பட்டுத் திரும்புகிறது, மினுமினுப்பு அதனால்தான். தேய்த்தால் வெள்ளை கலந்து எல்லாம் பால் ஊற்றினதுபோல் ஆகிவிடும், கை ரொம்ப நிதானம் வேண்டும். ஆரம்பத்தில் இதை முயல வேண்டாம். டைட்டானியம் வெள்ளையில் தளம் போட்டு நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் ஒளி ஊடுருவும் வண்ணங்களை மெல்லிய அடுக்குகளாக வையுங்கள், பச்சையை இருட்டாக்கக் கறுப்பைத் தொடாதீர்கள். அவர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சு, அது உங்களுக்குத் தேவையும் இல்லை.

சரி, இன்னொரு வழி, அந்த ஏழு பேரில் ஒருவரான தாந்தே கேப்ரியல் ரொசெட்டியுடையது. இலை எண்ணுவதெல்லாம் அவருக்கு ஒத்துவரவில்லை. 1859க்குப் பிறகு, சட்டகத்தை அடைத்துக்கொண்டு ஒரே பெண், பின்னால் ஆழமே இல்லாத இடம், எங்கேயோ பார்க்கும் கண் என்று கனவுக்குள் போய்விட்டார். அவரைப் பார்த்து வந்த ஓவியர் பர்ன்-ஜோன்ஸ். பர்ன்-ஜோன்ஸ் ஊக்கப்படுத்திய இளைஞர் பியர்ட்ஸ்லி, வண்ணத்தையே தூக்கிப் போட்டுவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டார். பெல்ஜியத்தில் ஃபெர்னான் க்னாஃப் 1891இல் வரைந்த ஒரு படத்துக்கு ரொசெட்டியின் தங்கை கிறிஸ்டினாவின் கவிதை வரியையே தலைப்பாக வைத்தார். 1936இல் டாலி கூட இந்த ப்ரீ-ராஃபேலைட் பெண்களைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார், கனவுகளை வரைகிற சர்ரியலிசக்காரருக்கு அதில் என்ன கிடைத்தது என்று யோசித்தால் ரொசெட்டி புரிந்துவிடுவார்.

இடையில் ஒரு விஷயம், நமக்குப் பக்கத்தில் வருவதால் சொல்கிறேன். ரொசெட்டி வட்டத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஓடிய அச்சு இயந்திரம், பிறகு இலங்கையில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியின் கைக்கு வந்தது. 1908இல் மத்தியகால சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை அதில்தான் அச்சிட்டார்.

உங்கள் அட்டைக்கு வருவோம். சின்ன அட்டையில் இலை இலையாக வரைந்தால் அச்சில் வெறும் கசகசப்புதான் மிஞ்சும், ரொசெட்டி வழியே நல்லது. முகத்தை நெருக்கமாக வெட்டுங்கள், பின்னணியைத் தட்டையாக்குங்கள், பூ ஒரே வகை போதும், அதுவும் கதையில் வருகிற பூவாக இருக்கட்டும். இல்லை, ஆறும் கரையும்தான் வேண்டுமென்றால் டாம் ஹண்டர் 2000இல் எடுத்த 'த வே ஹோம்' புகைப்படத்தைப் பாருங்கள். ஒஃபீலியாவின் அதே கிடப்பு, ஆனால் இடம் கிழக்கு லண்டன், பார்ட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தண்ணீரில் விழுந்த பெண். மில்லேயின் ஆற்றங்கரையை அவர் தேடிப் போகவில்லை, அந்த ஊர்ச் செடியே போதுமாக இருந்தது. உங்களுக்கும் பக்கத்து வாய்க்கால் போதும், முதலில் கரையை வரைந்து முடித்துவிட்டுப் பிறகு ஆளைத் தேடுங்கள்.

அப்புறம், மாடலைத் தண்ணீரில் படுக்க வைக்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம். ஒஃபீலியாவுக்காகத் தொட்டியில் படுத்த எலிசபெத் சிடலுக்கு, தண்ணீரைச் சூடாக வைத்திருந்த விளக்குகள் அணைந்தது தெரியாமல் மில்லே வரைந்துகொண்டே இருந்ததில் கடும் சளி பிடித்து, வைத்தியச் செலவு கேட்டு அவளுடைய அப்பா கடிதம் எழுதினார்.